முனை போடாத வயர்

“அப்பா, நெட் வந்துடுச்சு” என்று மாடியிலிருந்து மகள் குரல் கொடுத்தபோது, வயரின் கீழ்முனை இன்னும் அவர் மடியில்தான் கிடந்தது. தோலை உரித்து, எட்டுக் கம்பிகளையும் நிறவாரியாகப் பிரித்து வைத்திருந்தார். பிளக் போடவில்லை. கம்ப்யூட்டரில் செருகவும் இல்லை.

“கிண்டல் பண்ணாத கண்ணு. நான் இன்னும் குடுக்கவே இல்ல.”

“வந்துடுச்சுப்பா, நிஜமா.”

அவர் சிரித்துக்கொண்டார். பஸ் ஓட்டுகிறவருக்கு இந்த வேலையெல்லாம் புதுசு. கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மச்சினன் போனில் சொல்லச் சொல்லச் செய்துகொண்டிருந்தார். காலில் மாவுக்கட்டோடு மகள் மாடியில் தனியாகக் கிடந்து வாடுகிறாள். கீழே இருக்கும் இணைப்பை அவளுடைய பழைய கம்ப்யூட்டருக்கும் பகிர்ந்து கொடுத்தால், யாரோடாவது பேசிக்கொண்டாவது இருப்பாள். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

எதற்கும் இருக்கட்டும் என்று மச்சினனைக் கூப்பிட்டார்.

“மாப்ள, முனை போடாமலே லைன் போகுமா?”

“எப்படி அத்தான் போகும்? குழாய் மாட்டாம தண்ணி வருமா? பாப்பா உங்கள நல்லா ஓட்டுறா.”

“வயர் இல்லாம, காத்துல கீத்துல?”

“அந்த வசதியெல்லாம் பாப்பாவோட பழைய கம்ப்யூட்டர்ல கிடையாது. வயர் இல்லாட்டி அது வெறும் டப்பா.”

போனை வைத்தார். வெளியே பொழுது சாய்ந்து, ஜன்னல் வெளிச்சம் தரையை விட்டு மெல்ல விலகிக்கொண்டிருக்க, வயருக்காகச் சுவரைத் துளைத்த சுண்ணாம்புத் தூசியின் நெடி மூக்கில் ஏற, மாடியில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது; கொஞ்சம் தட்டி, நிறுத்தி, யாரோ சொல்வதற்குக் காத்திருந்து, மறுபடியும் தட்டும் சத்தம்.

“யாரோட பேசுற?”

“உங்களோடதான். கீழேருந்து எழுதிட்டு என்னையே கேக்குறீங்களே.”

அவருடைய கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. காலையிலிருந்து அதைப் போடவே இல்லை.

“நான் என்ன எழுதினேன்?”

“கால் வலிக்குதான்னு. எழுந்து நடக்க முடியுமான்னு. அறைக் கதவு தாழ் போட்டிருக்கான்னு.”

விளையாட்டுக்குக்கூட அவள் இப்படிப் பேசுகிறவள் இல்லை. கட்டரை எடுத்தார். சுவரோரம் போன வயரை ஒரே வெட்டாக வெட்டினார்.

தட்டும் சத்தம் நிற்கவில்லை.

“கண்ணு, அத அணைச்சிடு. எதுவும் எழுதாத.”

“மேல வரட்டுமான்னு இப்பதானே கேட்டீங்க. வாங்கன்னு போட்டுட்டேன்.”

எழுந்து ஓடினார். மர மாடிப்படி. பாதி ஏறியிருப்பார்.

அவருக்கு மேலே ஒரு படி முனகியது. பிறகு அடுத்த படி. அவசரமே இல்லாமல்.

அங்கே யாரும் இல்லை.

பிரேக்கில் ஊன்றினாற்போல் கால் நின்றுவிட்டது. கைப்பிடியைப் பிடித்தபடி மேலே பார்த்தார்.

அறைக் கதவு திறந்திருந்தது. கட்டில் தெரிந்தது. மகள் வாசலைப் பார்த்துச் சிரித்தாள். படியில் நின்ற அவரை அவள் பார்க்கவில்லை. அவருக்கு முன்னால், ஆளில்லாத இடத்தைப் பார்த்தாள்.

மாவுக்கட்டுக் காலை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல நகர்த்தினாள். இடம் விட்டாள்.

“உக்காருங்கப்பா.”

அவளுக்குப் பக்கத்தில் மெத்தை மெதுவாக அழுந்தியது.