ஆள் மாறும் கட்டில்

கட்டிலில் காலை நீட்டியபோது மெத்தை சூடாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் திடுக்கிட்டு எழுந்திருப்பார்கள். ராஜிக் எழவில்லை. ஷார்ஜா தொழில்பேட்டையில் அவன் இருந்த ரூமில் ஒரு கட்டிலுக்கு இரண்டு ஆள். அவனுக்கு நைட் டியூட்டி, பத்மநாபன் அண்ணனுக்குப் பகல் டியூட்டி. அவர் எழுந்த சூட்டில் இவன் படுப்பான், இவன் எழுந்த சூட்டில் அவர் படுப்பார். ஆறிப்போன படுக்கையில் படுத்த ஞாபகமே அவனுக்கு இல்லை. அதனால் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டான்.

இது அந்த ரூம் இல்லை. ஷார்ஜாவின் பழைய நகரத்தில், எந்தக் காலத்திலோ ஒரு முத்து வியாபாரி கட்டிய கல்வீட்டை இப்போது விருந்தினர் விடுதியாக்கி இருந்தார்கள். ஊரிலிருந்து ஹிஃப்ஸாவும் மகள் ஆமிராவும் விசிட் விசாவில் இன்று சாயங்காலம் வந்து இறங்குகிறார்கள். ஹிஃப்ஸாவின் தம்பி சாதிக் பாட்ஷா காரில் அழைத்து வருவதாக ஏற்பாடு. பெண்சாதி பிள்ளையை பேச்சிலர் ரூமுக்குக் கூட்டிப்போக முடியுமா? முதல் இரண்டு நாளாவது கௌரவமாக வைத்துக்கொள்வோம் என்று இந்த இடத்தைப் பிடித்திருந்தான். ஆமிராவைக் கைக்குழந்தையாகப் பார்த்ததுதான். போனில் "வாப்பா" என்று கூப்பிடுவாள், நேரில் ஒட்டுவாளோ மாட்டாளோ. ஒருதரம் தன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டால் போதும், அவனுக்கு வேறு ஆசையில்லை.

பகல்தான். ஆனால் கடல்பாறையில் எழுப்பிய அந்தத் தடித்த சுவர்களும், முற்றத்துப் பக்கம் மட்டும் திறக்கிற மரக்கதவுகளும், அந்தக் காலத்தில் வீட்டுக்குள் காற்றை இறக்கக் கூரைக்கு மேலே கட்டி, இப்போது பலகை வைத்து அடைத்திருந்த காற்றுக்கோபுரமும் வெளிச்சத்தை உள்ளே விடாமல் பிடித்துவைத்திருக்க, ஊதுபத்தி மணத்துக்கு அடியில் ஈரச் சாக்கின் உப்புவாடை ஒன்று மெல்ல ஏறிக்கொண்டிருக்க, மேலே பலகைக்குப் பின்னால் காற்று உள்ளே வருவதும் போவதுமாக யாரோ வாயால் மூச்சு விடுவதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போனான்.

கட்டில் காலில் இரண்டு தட்டு.

பத்மநாபன் அண்ணன் எழுப்புவது அப்படித்தான். ராஜிக் கண்ணைத் திறக்காமலே எழுந்தான். தலையணையைத் திருப்பிப் போட்டு, விரிப்பை ஒரு இழுப்பு இழுத்துச் சரிசெய்தான்.

"எந்திரிச்சாச்சுண்ணே. படுங்க."

அவன் பாத்ரூமுக்குள் நுழையும்போது முதுகுக்குப் பின்னால் மெத்தை முனகியது. அலுத்துப்போன ஆள் விடும் நீண்ட பெருமூச்சும் கேட்டது. பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்து, கண்ணாடியைப் பார்த்தான்.

பளிங்குத் தொட்டி. புது டவல். இது அந்த ரூம் இல்லையே.

பத்மநாபன் அண்ணனுக்கு இந்த இடம் தெரியாது.

மெதுவாகத் தலையை நீட்டிப் பார்த்தான். கட்டிலில் ஆள் இல்லை. ஆள் அளவுக்குப் பள்ளம் இருந்தது. தலையணை நடுவில் குழிந்திருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பள்ளம் அவன் பக்கமாகப் புரண்டு படுத்தது.

ஓத ஆரம்பித்தான். பாதியில் மறந்துபோயிற்று.

முற்றத்தில் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் முகம்மது சித்தீக் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கீழக்கரைக்காரர், பேச்சுக்குப் பேச்சு சிரிக்கிற மனுஷன்.

"பாய், வேற ரூம் தர்றீங்களா?"

"மாஃபி, இல்ல தம்பி. லீவு நாளு, எல்லாம் ஃபுல்லு. ஏன், ஏசி ஓடலையா?"

"காலையில எனக்கு முன்னாடி அந்தக் கட்டில்ல யாரு படுத்திருந்தா?"

"யாரு படுக்க? பெருநாள்லேருந்து பூட்டியில்ல கெடந்துச்சு. நீங்க வந்துதானே தொறந்து விட்டேன்." சிரித்தார்.

ராஜிக் செல்லை எடுத்தான். சாதிக்குக்கு போன் போட்டு வேறு எங்காவது போகச் சொல்லலாம் என்று நம்பரைத் தேடுவதற்குள் வாசலில் கார் ஹாரன் அடித்தது.

ஆமிரா உம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். ராஜிக் குனிந்து கையை நீட்டினான். அவள் அந்தக் கையையும் அவன் முகத்தையும் பார்த்துவிட்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு சாதிக் டியூட்டிக்குப் பறந்தான்.

"வேற எடம் பாப்போம் ஹிஃப்ஸா. இங்க வேணாம்."

"நல்லாத்தானே இருக்கு மச்சான்? புள்ள நின்னுகிட்டே தூங்குது, மொதல்ல படுக்கட்டும்."

என்ன சொல்வான்? கட்டிலில் ஆள் இருக்கிறது என்றா? வந்ததும் வராததுமாகப் பயமுறுத்த மனசு வரவில்லை. தூக்கம் கெட்ட மூளை என்னத்தையாவது காட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். முன்னால் போய் மெத்தை முழுக்கக் கையால் தடவிப் பார்த்தான். ஜில்லென்று, மட்டமாக இருந்தது. உயிர் வந்தது அவனுக்கு.

ஹிஃப்ஸா பிள்ளையைக் கிடத்திவிட்டு குளிக்கப் போனாள். ராஜிக் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு மகளின் முகத்தையே பார்த்திருந்தான். வெளியே பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லி முடிந்தது. பாத்ரூமில் தண்ணீர் விழுந்தது.

உப்புவாடை.

ஆமிராவுக்கு அந்தப் பக்கம் மெத்தை அழுந்தியது. மெதுவாக. முழு நீளத்துக்கும்.

பிள்ளை சரிவில் உருண்டு அதோடு ஒட்டிக்கொண்டாள். அவள் முதுகில் கவுன் அழுந்தி எழுந்தது. மறுபடி அழுந்தி எழுந்தது. தட்டிக்கொடுக்கிற தாளம்.

"வாப்பா," என்றாள், கண் திறக்காமல், அந்தப் பக்கம் பார்த்து.

"வாப்பா இங்கேம்மா. இங்கே இருக்கேன்."

அவள் திரும்பவில்லை. ராஜிக் அவளைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. பயமும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. படுங்க என்று வாயாரச் சொன்னவன் அவன்தானே.

"அது என் இடம். எந்திரி. எந்திரிச்சுப் போ!"

தட்டல் நின்றது.

மெத்தை மேலே எழும்பி மட்டமானது. அதில் படுத்திருந்தது எழுந்தது. பிள்ளையும் கூடவே எழுந்தாள்.

கட்டிலுக்கு மேலே, ஒரு ஆள் உயரத்தில். கால்கள் தொங்க. கன்னம் ஒன்றுமில்லாத ஒரு தோளில் நசுங்கியிருக்க, இரண்டு கையாலும் வெற்றுக் காற்றைக் கட்டிக்கொண்டு ஆமிரா நிம்மதியாகத் தூங்கினாள். முதுகில் கவுன் அழுந்தி எழுந்தது. அழுந்தி எழுந்தது.