வெள்ளைக்கோடு ஒட்டாத மேடு

மழை விட்ட சாயங்காலம். வேகத்தடைக்கு மறுபடியும் வெள்ளைக்கோடு போட, பெயின்டரைக் கூட்டிக்கொண்டு இன்ஜினீயர் அந்தக் குறுக்குத்தெருவுக்கு வந்து சேர்ந்தார். மெயின் ரோட்டு சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாத வண்டியெல்லாம் தலைதெறிக்க நுழைந்து ஓடும் தெரு அது. பந்து உருண்டு வெளியே போனாலும் எடுக்கப் பிள்ளைகளை விடமாட்டார்கள்.

இங்கே ஒரு தடை வேண்டுமென்று இன்ஜினீயர் ஆபீசுக்கு நடையாய் நடந்தவர் ஓரத்து வீட்டு டீச்சர். நச்சரிப்பு தாங்காமல் இன்ஜினீயரும் ஒரு நாள் ஆள் அனுப்பித் தார் மேட்டைப் போட்டார். “கோடு நாளைக்கு அடிச்சுக்கலாம்” என்று விட்டுவிட்டார்.

கருத்த ரோட்டில் கருத்த மேடு. மேடு வந்ததே தெரியாமல் அன்று இரவு கணவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த டீச்சர், தான் கேட்டு வாங்கிய தடையிலேயே தூக்கியெறியப்பட்டு இறந்துபோனார்.

சேதி கேட்ட இன்ஜினீயர், விடிவதற்குள் ஆளை எழுப்பிக் கோடு போடவைத்தார். போலீஸ் வந்தபோது வாய் கூசாமல் சொன்னார்: “கோடு இருந்துதுங்க. இவர்தான் வேகமா வந்திருக்கார்.”

தெரு நம்பியது. பைக் ஓட்டிவந்த கணவரும் நம்பிவிட்டார்.

அதிலிருந்து அந்த மேட்டில் கோடு நிற்பதில்லை.

“சார், இங்க பாருங்க,” என்றார் பெயின்டர். ஈர வெள்ளை தாருக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணெதிரே மேடு மறுபடி கருத்தது. “எவ்ளோ அடிச்சாலும் குடிக்குது சார்.”

காற்றில் சாக்பீஸ் வாசனை.

சத்தம் கேட்டு டீச்சர் வீட்டுக்காரர் வெளியே வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

“ஏன் சார் வீண் சிரமம்? அன்னைக்குக் கோடு பளிச்சுன்னு இருந்தும் என் கண்ணுல படலையே. நானே அவளைக் கொன்னுட்டேன்.”

இன்ஜினீயருக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்தது. வேலை போகும், ஜெயில்கூட வரலாம் என்ற பயமும் கூடவே வந்தது.

“ஈரமா இருக்கு... காஞ்சதும் பாத்துக்கலாம்,” என்று ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

கொஞ்ச தூரம் போயிருப்பார். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது.

யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல.

தோளில் ஒரு கை. சில்லென்று.

கண்ணாடியில் பார்த்தார். சீட் காலி.

தெரு முனையில் எதிரே பைக்கில் வந்தவன் கத்தினான்: “அண்ணே! அந்தம்மா முந்தானை சக்கரத்துல மாட்டப்போகுது!”

இன்ஜினீயர் பிரேக்கை அழுத்தினார். வண்டியைத் திருப்பினார். உருட்டாத குறையாக ஓட்டினார். மேட்டில் சக்கரம் ஏறியபோது தோளிலிருந்த விரல்கள் இறுகின.

டீச்சர் வீட்டுக்காரர் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தார். பெயின்டரைக் காணோம்.

“எதாவது மறந்துட்டீங்களா சார்?”

“அன்னைக்கு ராத்திரி கோடு இல்லங்க.” இன்ஜினீயர் கைகளைக் கூப்பினார். “விடியறதுக்குள்ள நான்தான் அடிக்க வச்சேன். பொய் சொன்னேன். உங்க மேல தப்பே இல்ல. நான் பாவி.”

அழுவார், அடிப்பார் என்று காத்திருந்தார். அடித்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்காரரின் பார்வை இன்ஜினீயரின் தோளைத் தாண்டிப் போய் நின்றது.

“கேட்டியா?” என்றார் அவர், மெல்ல. “வா. உள்ள வா.”

வண்டியின் பின்பக்கம் உயர்ந்தது.

அவர் ஒதுங்கி வழிவிட்டார். பிறகு தானும் உள்ளே போனார். இன்ஜினீயர் பக்கம் அவர் திரும்பவேயில்லை. மன்னிப்புக் கேட்கக் கூப்பிய கைகளோடு இவர் நிற்க, முகத்துக்கு நேரே கதவு சாத்திக்கொண்டது.

கதவுக்கு அந்தப் பக்கம், இரண்டு பேர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.