காற்றுக்கு முதுகு காட்டிய பறவைகள்

பறவைகள் எல்லாம் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

தில்லைநாயகம் பிள்ளை நடையை நிறுத்தினார். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்கைப் பாடம் நடத்துகிறவர் அவர். மார்கழியில் கிறிஸ்துமஸ் லீவு விட்டதும் வண்டி கட்டிக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் வழியாக ஆத்தூருக்கு வந்து, அங்கிருந்து கடலோரமாகவே நடந்து, தாமிரபரணி கடலில் விழுகிற புன்னைக்காயல் கழிமுகத்தில் வந்திறங்கியிருக்கும் பறவைகளைப் பார்த்து நோட்டில் எழுதிவைப்பது எட்டு வருஷமாக அவருக்கு வழக்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டிலும் அப்படித்தான் வந்திருந்தார். இந்த எட்டு வருஷத்தில் இப்படி ஒரு நிலையை அவர் பார்த்ததில்லை.

கடலோரத்துப் பறவை காற்றைப் பார்த்துத்தான் நிற்கும். முதுகில் காற்று அடித்தால் இறகு மலர்ந்துவிடும், குளிர் உள்ளே ஏறும், ஆபத்து என்றால் சட்டென்று எழும்பவும் தோதுப்படாது. அன்றைக்கு வாடைக்காற்று விடிந்ததிலிருந்து கடல் பக்கமிருந்து விடாமல் வீசிக்கொண்டிருந்தது. ஆனால் சேற்றுமேட்டில் நின்ற உள்ளான்களும், ஆலாக்களும், ஒற்றைக்கால் தூக்கிய பூநாரைகளும், ஓரத்தில் தனித்தனியாக நின்ற சாம்பல் நாரைகளும், முதுகு இறகு பிரிந்து உள்ளே வெள்ளைத் தூவி தெரியத் தெரிய, கரையைப் பார்த்து நின்றன.

“அத்தான், இதுக நம்மளத்தான் பாக்குதுபோல” என்றான் காந்திமதிநாதன். அவர் மனைவியின் தம்பி அவன். வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா. கடலைப் பார்த்து வெகுநாளாயிற்று என்று கூட வந்தவன்.

“நம்மளப் பாத்தா பறந்திருமே மாப்ள. இம்புட்டுக் கிட்டத்துல நிக்காது.”

“அப்பம் என்னத்தப் பாக்குது?”

“நரி கிரி கெடக்கும்” என்றார். நரி என்றால் எப்போதோ பறந்திருக்கும் என்பது அவருக்கே தெரியும்.

மணி நாலரை இருக்கும். கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நீள மணல்திட்டு. அதைத் தாண்டினால் புன்னைக்காயல் ஊர். இரவு அங்கேதான் தங்குவதாக ஏற்பாடு. காந்திமதிநாதன் முதலில் திட்டுக்குப் போய் அந்தப் பக்கத்துப் பறவைகளை எண்ணுவது, அவர் இந்தப் பக்கத்தை எண்ணுவது, முடிந்ததும் அவன் துண்டைத் தூக்கிக் காட்ட, அவர் தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போய்விடுவது என்று பேசிக்கொண்டார்கள்.

“ஒடனே வந்துருங்க அத்தான். நேரங்கழிச்சா தண்ணி ஏறிரும்.”

“நீ குத்துமதிப்பா எழுதிராத வே.”

அவன் சிரித்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினான். பறவைகளுக்கு நடுவிலேயே நடந்தான். ஒன்றுகூடப் பறக்கவில்லை. அவன் கால் படாத அளவுக்குப் பைய நகர்ந்து வழிவிட்டுவிட்டு, மறுபடியும் கரையைப் பார்த்து நின்றுகொண்டன. பாதி தூரத்தில் அவன் திரும்பி ஏதோ கத்தினான். சந்தோஷமாகத்தான் கத்தினான்.

தில்லைநாயகம் பித்தளைத் தூரக்கண்ணாடியை நீட்டிக் கண்ணில் வைத்தார். உள்ளான்கள் நானூறு, நானூற்றுப்பத்து. எண்ணிக்கொண்டே வந்தவர் ஒரு சாம்பல் நாரையிடம் நின்றார். அது தலையை ஒருக்களித்து, ஒரு மஞ்சள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. அவரை அல்ல. அவருக்குப் பின்னால், இடப்பக்கமாக, கொஞ்சம் தள்ளி.

திரும்பிப் பார்த்தார். மணல்மேடு. நாலைந்து உடைமரம். அதற்கப்பால் தாழம்புதர்; சாயங்கால வெயில் அதன் உச்சியில் மட்டும் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. தாங்கள் வந்த காலடித்தடம் நீளமாக, இரண்டு வரிசையாக, ஒழுங்காகக் கிடந்தது. வேறொன்றும் இல்லை.

மறுபடி கண்ணாடியை வைத்தார். நாரையின் தலை இப்போது கொஞ்சம் திரும்பியிருந்தது. அதற்குப் பக்கத்து நாரையும். பூநாரைகளின் நீளக் கழுத்துகளும். கோயிலில் சப்பரம் நகர நகரச் சனம் தலையைத் திருப்புவதுபோல, அத்தனை தலையும் ஒரே நிதானத்தில், ஒரே திக்கில், இடமிருந்து வலமாகத் திரும்பிக்கொண்டிருந்தன.

எதுவோ நடந்துகொண்டிருக்கிறது. அவருக்குப் பின்னால்.

அப்போதுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. சத்தமே இல்லை. இத்தனை ஆயிரம் பறவை கூடிய இடத்தில் சண்டையும் கூப்பாடும் இரைச்சலும் சிறகடிப்புமாகக் காது அடைத்துப்போகும். இங்கே கடல் மட்டும் இரைந்தது. ஒரு பறவைகூடச் சேற்றில் அலகு வைக்கவில்லை.

கிறுக்கு என்று தன்னைத்தானே வைதுகொண்டு பத்தடி வடக்கே நடந்தார். நின்று பார்த்தார். பறவைகளின் பார்வையும் வடக்கே நகர்ந்திருந்தது, ஆனால் பத்தடி அல்ல, அதற்கும் கூடுதலாக. அவருக்கும் அதற்கும் இடையே இருந்த தூரம் குறைந்திருந்தது. இன்னும் பத்தடி. இன்னும் குறைந்தது. நின்றால் அது நிற்கவில்லை.

திரும்பினார். மணல்மேடு. உடைமரம். தாழம்புதர்.

நாற்றம் வந்தது. மழையில் நனைந்து பல மாதம் பூட்டிக் கிடந்த வைக்கோலின் நாற்றம், அதற்கடியில் இனிப்பாக இன்னொன்று. காற்று கடலிலிருந்து அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருக்கிறது. முதுகுக்குப் பின்னால் இருக்கிற எதன் வாடையும் அவருக்கு எட்டக் கூடாது. பாடம் நடத்துகிற மனது தானாகவே மீதியையும் சொல்லிற்று. எட்டுகிறது என்றால், அது மிகவும் கிட்டத்தில் இருக்க வேண்டும்.

செருப்பை விட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினார்.

“மாப்ளே!”

காற்று அந்தச் சத்தத்தை அவர் வாயிலேயே திணித்தது. பறவைகள் வழிவிட்டன. தொடையில் இறகு உரசியது. ஒன்றும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாம் அவர் தோளுக்கு மேலே பார்த்தன. சேறு கணுக்கால் வரை வாங்கியது. காலைப் பிடுங்கும்போதெல்லாம் ஒரு சத்தம் கேட்டது. அவர் நின்ற பிறகும் ஒருமுறை கேட்டது.

இனித் திரும்பக் கூடாது என்று தோன்றியது. ஏன் என்று தெரியவில்லை.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. குளிர்ந்திருந்தது. காந்திமதிநாதன் போனபோது இருந்ததைவிட ஏறியிருந்தது. கண்ணாடியைத் தூக்கித் திட்டைத் தேடினார். வெறும் மணல். மணல். பிறகு காந்திமதிநாதன். குனிந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். எழுதி முடித்து நிமிர்ந்தான். அவரைப் பார்த்துவிட்டான். பல் தெரியச் சிரித்தான். துண்டை உதறித் தலைக்கு மேலே தூக்கினான்.

“வந்துட்டேன் மாப்ள, வந்துட்டேன்” என்று முனகினார். கண்ணில் நீர் முட்டிற்று. ஒரு மனிதன் தன்னைப் பார்த்துச் சிரிப்பது இவ்வளவு பெரிய விஷயமா?

தூக்கிய கை அப்படியே நின்றது.

சிரிப்பு போகவில்லை, முகத்தில் மறந்துவிட்டதுபோல இருந்தது. கண் மட்டும் மாறியது. அவர் முகத்தை விட்டு மேலே போயிற்று. அவர் தலைக்கு மேலே. இன்னும் மேலே. பனைமரத்தில் ஏறுகிறவனைக் கீழே நின்று பார்ப்பதுபோல அவன் தாடை உயர்ந்தது.

துண்டு கையை விட்டுக் காற்றில் போனது. அவன் அதைப் பார்க்கவில்லை. ஓரடி பின்வாங்கினான். இன்னும் ஓரடி. வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான், தன் வாயிலிருந்து ஏதும் சத்தம் வந்துவிடக் கூடாது என்பவனைப்போல.

“மாப்ளே, என்ன வே? என்னது? சொல்லு!”

அவன் தலையை ஆட்டினான். இல்லை என்று. வராதே என்று. அல்லது மன்னித்துவிடு என்று. பிறகு திரும்பி ஓடினான். விழுந்தான். எழுந்தான். மறுபடி ஓடினான். ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கண்ணாடிக்குள் அவன் முதுகு சின்னதாகிச் சின்னதாகி மணல்திட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது.

கண்ணாடி நழுவித் தண்ணீரில் விழுந்தது.

வெயில் போய்விட்டது. நாற்றம் மட்டும். முதுகில் காற்று இல்லை, ஆனால் பின்கழுத்து மயிர் மெல்ல அசைந்தது. வெதுவெதுப்பாக.

அவரால் நகர முடியவில்லை.

எதிரே, தண்ணீரிலும் அதற்கப்பால் சேற்றிலுமாகப் பறவைகள். கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒரு சாம்பல் நாரை. அதற்குப் பின்னால் ஆயிரம், இரண்டாயிரம். எல்லாத் தலையும் அண்ணாந்திருந்தன.

பிறகு அந்தப் பார்வைகள் பைய இறங்கத் தொடங்கின. எல்லாம் ஒன்றாக. உயரத்திலிருந்து அவர் உச்சந்தலைக்கு. உச்சியிலிருந்து நெற்றிக்கு. அவருக்குப் பின்னால் நின்றது குனிகிறது.

பார்வை அவர் காதருகே வந்து நின்றது.

நாரை அவரைப் பார்த்தது. அன்றைக்கு முதல் தடவையாக, அவரையே. ஒரு நொடி. அதன் மஞ்சள் கண்ணின் கீழிமை மேலே ஏறிற்று. மூடிக்கொண்டது. பக்கத்து நாரையும். அதற்கடுத்ததும். உள்ளான்கள், ஆலாக்கள், பூநாரைகள். கழிமுகம் முழுக்க, வரிசை வரிசையாக, ஒரு சத்தமும் இல்லாமல், அத்தனை பறவைகளும் கண்ணை மூடிக்கொண்டன.