ஈரக் கயிறு

கயிறு ஈரமாக இருந்தது.

முஹன்னா முதலில் அதைத் தன் கை வியர்வை என்றுதான் நினைத்தான். உள்ளங்கையை அங்கியில் துடைத்துவிட்டு மறுபடியும் தொட்டுப் பார்த்தான். கயிறுதான். ஹமூதின் வண்டிப் பின்தட்டு மதியம் முழுக்க வெயிலில் கொதித்திருந்தது. ஜாக்கியும் மண்வெட்டியும் தொட்டால் சுட்டன. அவற்றுக்கு நடுவே சுருட்டி வைத்திருந்த இழுவைக் கயிறு மட்டும் குளிர்ந்து கிடந்தது. மூக்கருகே கொண்டுபோனான். கிணற்றுக்குள் குனிந்து பார்க்கும்போது முகத்தில் வந்து மோதுமே, அந்த வாசனை. இந்தப் பாலைவனப் பக்கம் மழை பெய்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"என்ன மச்சான், கயித்துக்கு நாடி புடிச்சுப் பாக்குறியா?" என்றான் ஹமூத். டயருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தான்.

"நனஞ்சிருக்குடா."

"தண்ணி கேன் ஒழுகியிருக்கும். உன் டயர்ல காத்த எறக்கு மொதல்ல. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேரணும்."

முஹன்னா கேனைப் பார்த்தான். மூடி இறுக்கமாக இருந்தது. அதன் அடியில் தகரம் காய்ந்து, மெல்லிய தூசி படிந்திருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டான். எதையும் இரண்டு தடவை பார்க்கிற பழக்கம் அவனுக்கு. டயர் காற்றை அளந்துவிட்டு மறுபடி அளப்பான், பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பான். ஊரில் அதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. ஒரு கயிறு நனைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஹமூத் அவனுடைய மனைவி ரய்யாவின் அண்ணன். முஹன்னாவின் வயதுதான். மணல்மேடுகளில் புதைந்துபோகும் வண்டிகளை இழுத்து வெளியே கொண்டுவருவது இருவருக்கும் தொழில். போன குளிர்காலம்வரை மூன்று பேராக இருந்தார்கள். மூன்றாவது ஆள் துவைனி, ஹமூதின் தம்பி.

துவைனியின் வண்டி ஹார்ன் ஒழுங்காகவே ஒலிக்காது. தொண்டை கட்டிய ஒட்டகம் மாதிரி கரகரவென்று இழுக்கும். "உன் வண்டிக்குக் கஷாயம் குடுடா" என்று முஹன்னா எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறான். ஆனால் சிக்கிய வண்டிக்கு வழிகாட்டுவதில் துவைனிக்கு ஈடு கிடையாது. வண்டிக்கு எதிரே நின்று, உள்ளங்கையைக் கீழே காட்டி, நான்கு விரல்களையும் மடக்கி மடக்கி, வா, வா, இன்னும் கொஞ்சம் என்று அழைப்பான். போதும் என்றால் முஷ்டியை மூடுவான். அந்த இடத்தில் வண்டி நிற்க வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் அவன் தனியாகப் போனான் என்றும் திரும்பவில்லை என்றும் ஹமூத் வந்து சொன்னான். ஊரே தேடியது. அவன் வண்டியின் கொடிக்கம்பம் மட்டும் ஒரு சரிவில் நட்டு வைத்ததுபோல நின்றது. அதன் கீழே எத்தனை தோண்டியும் மணல்தான்.

மணலில் புதையாமலிருக்க முஹன்னா டயர் காற்றை இறக்கினான். சீறிக்கொண்டு வெளியேறிய காற்றில் பழைய ரப்பர் மணத்தது. ரய்யா போனில் கூப்பிட்டாள். அவளுக்கு நிறைமாதம்.

"எங்க இருக்கீங்க?"

"தெக்கே, ஏதோ கூடாரக்காரங்க தண்ணி வண்டி மாட்டிக்கிச்சாம். ஹமூத் கூப்பிட்டான்."

"அண்ணன் கூடவா? அப்ப சரி. எனக்குக் கவலையில்ல." அவள் சிரித்தாள். "ராத்திரி சாப்பாட்டுக்கு மீன் வாங்கி வச்சிருக்கேன். அவனையும் கூட்டிட்டு வாங்க."

போனை வைத்துவிட்டு முஹன்னா அதைச் சொன்னபோது ஹமூத் தலையை மட்டும் ஆட்டினான். வண்டியில் ஏறியதும் பாட்டை வைத்தான். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். பொழுது சாயத் தொடங்கினால் போதும், காது கிழிகிற மாதிரி பாட்டு வைத்துவிடுகிறான்.

தெற்கே போகப் போக மேடுகள் உயர்ந்தன. ஹமூத் முன்னே, முஹன்னா பின்னே. ஒவ்வொரு முகட்டிலும் ஹமூதின் வண்டி ஏறி மறையும். அதன் நெடிய கம்பத்தில் கட்டிய சிவப்புக் கொடி மட்டும் மணலுக்கு மேலே தனியாக ஓடும். முகட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. முன்னால் போனவன் இறங்கிப் பார்த்து, வாக்கி-டாக்கியில் "வா" என்று சொன்னால் வர வேண்டும். சாய்ந்த வெயிலில் மேடுகளின் நிழல் பக்கம் கருத்துக்கொண்டே வந்தது. எங்கோ ஒரு சரிவில் சரிந்து இறங்கிய மணல் தாழ்ந்த குரலில் முனகியது. முஹன்னாவுக்கு அது பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். இன்றைக்கு மட்டும் ஏனோ கால் ஆக்ஸிலரேட்டரில் தயங்கியது.

"நேரா வா மச்சான்," என்றது வாக்கி. "நான் இறங்கிட்டேன். தரை கெட்டி."

முகட்டைத் தாண்டினான். வண்டியின் மூக்கு கீழே சாய்ந்தது. ஆழமான கிண்ணம் போன்ற குழி. அதன் நடுவரை வழுக்கிப் போனபிறகுதான் அதைக் கவனித்தான். குழிக்குள் சக்கரத் தடமே இல்லை. ஹமூதின் தடம் விளிம்போடு வளைந்து, சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போயிருந்தது.

வண்டி அடியில் போய் அமுங்கியது. சக்கரங்கள் சுழன்றன. மாவில் கால் வைத்ததுபோல, சுழலச் சுழல இறங்கின. கிளட்ச் கருகும் நாற்றம். இஞ்சினை மட்டுப்படுத்திவிட்டு வாக்கியை எடுத்தான்.

"டேய், கெட்டின்னு சொன்ன?"

"ஓரமாத்தான் கெட்டி. நீ நடுவுல வந்துட்ட. இரு, இழுத்துர்றேன்."

ஓரமாக என்று சொன்னானா? நேரா என்றல்லவா சொன்னான்? முஹன்னாவால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. சரியாகக் கேட்காமல் தானே தவறு செய்திருக்கலாம். கீழே இறங்கி முன்சக்கரங்களுக்கு முன்னால் மணலைக் கையால் வாரினான். மேல்மணல் சூடு. முழங்கை ஆழத்தில் குளிர். எந்த மேட்டிலும் அடிமணல் ஈரமாகத்தான் இருக்கும். அது குழந்தைக்கும் தெரியும். அள்ளிய பிடியிலிருந்து ஒரு வாசனை எழுந்தது.

கிணற்று வாசனை. கயிற்றின் வாசனை.

கையை உதறிக்கொண்டு எழுந்தபோது ஹமூத் குழிக்குள் இறங்கி வந்துகொண்டிருந்தான், தோளில் அதே கயிற்றுச் சுருள். அவன் சட்டைத் தோள் கருப்பாக நனைந்திருந்தது.

"ஏறி உக்காரு. நான் கட்டுறேன்."

"தண்ணி வண்டி எங்கடா? யாரையும் காணோமே."

"அடுத்த மேட்டுக்கு அந்தாண்ட. ஏறுடா, இருட்டிரும்."

முஹன்னா ஏறி உட்கார்ந்தான். அதுதான் வழக்கம். இழுக்கிறவன்தான் கயிற்றின் இரண்டு முனைகளையும் கட்டுவான். சிக்கியவன் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பான். இறங்கி வந்து முடிச்சைச் சரிபார்க்க மாட்டான். பார்த்தால், உன்னை நம்பவில்லை என்று மூஞ்சிக்கு நேரே சொன்னதாக அர்த்தம். அதற்காக வருஷக்கணக்கில் பேசாமல் போன அண்ணன் தம்பிகளை முஹன்னா அறிவான். கட்டி முடிந்ததும் சிக்கியவன் மூன்று ஹார்ன் அடிப்பான். தயார், இழு என்று பொருள். இழுக்கிறவன் ஒரே ஒரு நீண்ட ஹார்னால் பதில் சொல்வான்.

உயர்ந்த பானெட்டுக்குக் கீழே ஹமூத் தெரியவில்லை. கொக்கியின் ஆணி திருகும் சத்தம் கேட்டது. அது முடிந்தும் அவன் எழவில்லை. வேறொரு சத்தம். சரக், சரக். தோண்டுகிற சத்தம். ஒரு கொக்கி மாட்ட இத்தனை நேரம் ஆகாது.

பிறகு ஹமூத் எழுந்தான். திரும்பிப் பார்க்காமல் எதிர்ச்சரிவில் ஏறினான். ஏறினான் என்பதைவிட, கைகளையும் ஊன்றி ஓடினான் என்று சொல்ல வேண்டும். அந்த மங்கலில் அவன் கையில் கயிறு தெரியவில்லை. மணலில் இழுபட்டுக்கொண்டு போகும், அதனால் தெரியவில்லை என்று முஹன்னா சொல்லிக்கொண்டான். அந்தக் கயிறு விளிம்புவரை எட்டுமா? இன்னொன்றை இணைத்திருப்பான். மேலே, விளிம்புக்கு அப்பால், சிவப்புக் கொடி மட்டும் ஆடியது.

முஹன்னாவின் கை கதவுப்பிடிக்குப் போனது. இறங்கி ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் என்ன? மேலேயிருந்து ஹமூத் பார்த்துக்கொண்டிருப்பான். நாளைக்கு ஊரெல்லாம் சொல்வான். ரய்யா காதுக்குப் போகும். எங்க அண்ணனையே சந்தேகப்பட்டீங்களா?

கையை எடுத்துக்கொண்டான். விளக்குகளைப் போட்டான். மூன்று முறை ஹார்ன் அடித்தான்.

பதில் இல்லை. ஹமூதின் பாட்டு எங்கோ மேலே இரைந்துகொண்டிருந்தது. சட்டென்று அதுவும் நின்றது. காற்று இல்லை. சூடான இஞ்சின் டிக் டிக்கென்று சொடுக்கிக்கொண்டது. குழியின் விளிம்பில் கடைசி வெளிச்சம் மெல்லிய கோடாகச் சுருங்கியது.

அப்போது பதில் வந்தது. ஒரே ஒரு ஹார்ன். நீண்டது.

கரகரப்பானது.

தொண்டை கட்டிய ஒட்டகம்.

அது விளிம்பிலிருந்து வரவில்லை. இருக்கைக்கு அடியில் அதிர்ந்தது. கால் பாதங்களில் ஏறியது.

கயிறு விறைத்தது. வண்டி நகர்ந்தது. முஹன்னாவையும் மீறி ஒரு நிம்மதி எழுந்தது. சக்கரங்கள் விடுபட்டுவிட்டன, வீட்டுக்குப் போகலாம், மீன், ரய்யா. ஆனால் இழுவைக் கயிறு வெட்டி இழுக்கும், ஒரு குலுக்கலாவது இருக்கும். இதில் குலுக்கலே இல்லை. பொறுமையான ஒரே இழுப்பு. அதோடு பானெட் மேலே எழவும் இல்லை. தாழ்ந்தது. தாழ்ந்தபோதுதான் விளக்கொளியில் கயிறு முழுதாகத் தெரிந்தது. பம்பருக்கு முன்னால் ஓர் ஆள் நீளத்துக்குப் போய், நேராக மணலுக்குள் இறங்கியது. அதன் மேல் ஈரம் மினுங்கியது.

"ஹமூத்!" வாக்கியை நசுக்கினான். "ஹமூத், கயிறு உன் வண்டில இல்லடா!"

மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு குரல்.

"தெரியும் மச்சான்."

"என்னடா செஞ்சிருக்க?"

"அன்னிக்கு நான்தான் துவைனிய இழுத்தேன். என் வண்டியும் சேந்து எறங்க ஆரம்பிச்சிருச்சு. கொக்கியக் கழட்டிட்டேன்." அழுகிறானா, இல்லையா, தெரியவில்லை. "அதுலேருந்து சாயங்காலமானா ஹார்ன். காலையில என் வண்டில அவனோட எறங்கின அந்தக் கயிறு. எங்க கொண்டுபோய் எறிஞ்சாலும் திரும்ப வந்துருது, நனஞ்சு. யாராவது ஒருத்தனக் கட்டுற வரைக்கும் விட மாட்டான்டா."

"நான் உன் தங்கச்சி புருஷன்டா!"

"அவளை நான் பாத்துக்கறேன். புள்ளையையும். வல்லாஹி, சத்தியமா ஒரு குறையும் வைக்க மாட்டேன்."

வாக்கி அணைந்தது. மேலே கொடி திரும்பியது. சாய்ந்தது. வேகமாகப் போனது. பிறகு கொடியே இல்லை.

ரிவர்ஸ். சக்கரங்கள் அலறின. கருகல் நாற்றம். ஒரு விரல் அளவுகூடப் பின்னால் வரவில்லை. பெல்ட்டை அவிழ்த்தான். கதவைத் தோளால் முட்டினான். மணல் ஏற்கனவே பாதிக் கதவுக்கு வந்திருந்தது. கண்ணாடியை ஒரு சாண் இறக்கினான். மூட்டை அவிழ்த்ததுபோல மடியில் கொட்டியது. குளிர்ந்த மணல். ஈரமணல். ஏற்றும் பொத்தானை அழுத்தினான். ஏறவில்லை.

பானெட் மறைந்தது. முன்கண்ணாடியில் மணல் ஏறியது. வைப்பர் கம்பிகள். பாதி. முக்கால். மேலே ஒரு கீற்று வானம், அதில் ஒற்றை நட்சத்திரம்.

அதுவும் போயிற்று.

இஞ்சின் இருமி அணைந்தது. மணலின் முனகல் எல்லாப் பக்கமும் இருந்தது. மடியில் கொட்டிக்கொண்டிருந்தது நின்றது. யாரோ குழாயை மூடியதுபோல.

வெளியே, மணலுக்குள், அவனுடைய விளக்குகள் இன்னும் எரிந்தன. கண்ணாடி முழுதும் மங்கிய மஞ்சள். அந்த மஞ்சளில் ஏதோ அசைந்தது. கண்ணாடியை ஒட்டி. மணலை விலக்கிக்கொண்டு.

நான்கு விரல்கள்.

உள்ளங்கை கீழே பார்த்திருந்தது. விரல்கள் மடங்கின. நீண்டன. மடங்கின. வா. வா. இன்னும் கொஞ்சம்.

வண்டி இன்னும் கொஞ்சம் போனது.

முஷ்டி மூடியது.

வண்டி நின்றது.