நீலம் போன வழி

"கொலைன்னு சொன்னா சிரிப்பீங்க," என்றார் கப்பல்காரர், உட்காராமலே. "செத்தது ஒரு மீன்."

ஓய்வு பெற்ற காவல் ஆய்வாளர் அம்மாள் சிரிக்கவில்லை. நாற்காலியைக் காட்டினார். தெருவே 'அவசரம்' என்று கூப்பிடும் அவருடைய கொழுந்தன்தான் பாதிச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

கப்பல்காரர் காலமெல்லாம் இன்ஜின் அறையில் உழைத்தவர். கரையேறிய கொஞ்ச நாளில் மனைவி இறந்துவிட்டாள். மிஞ்சியது அவள் வளர்த்த ஒற்றைத் தங்கமீன். வீட்டில் அவர் பேசினால் திரும்பிப் பார்க்கிற உயிர் அது ஒன்றுதான். அதன் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி கண்ட நேரம் பார்த்து அவருக்குக் கண் ஆபரேஷன்.

"தொட்டியைக் கழுவி, ஃபில்டர்ல புதுப் பை மாட்டி, எல்லாம் சுத்தமா வெச்சிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தினமும் நீல மருந்து ஊத்தச் சொல்லி மாடி வீட்டுத் தையல்கார அம்மாகிட்ட சாவியைக் குடுத்தேன். வந்து பார்த்தா மீன் மிதக்குது. மருந்து பாட்டில் காலி. தண்ணி மட்டும் பளிங்கு மாதிரி இருக்கு. அந்த மருந்து ஒரு சொட்டு விழுந்தாலே வாளித் தண்ணி நீலமாயிடும்."

"கேட்டீங்களா?"

"ஊத்தினேன்னு சாதிக்கிறாங்க. சாயங்காலம் சாவியை வாங்கிடப் போறேன். என் வீட்டுக்குள்ள வந்து போறது அவங்க ஒருத்தங்கதான். இனி அதுவும் வேண்டாம்."

மூவரும் அவர் வீட்டுக்குப் போனார்கள். இரண்டு நாற்காலிகள், ஒன்றில் பழைய செய்தித்தாள்கள் அடுக்கியிருந்தன.

"சிங்க்ல கொட்டியிருப்பாங்க அண்ணி," என்றார் அவசரம். "கேஸ் முடிஞ்சுது."

"முடிஞ்ச கேஸ்ல கறை எங்கன்னு மட்டும் காட்டிடுங்க." சிங்க் வெள்ளை வெளேரென்று இருந்தது.

ஆய்வாளர் தொட்டியின் மூலையில் நகத்தை ஓட்டினார். கண்ணாடிகளை ஒட்டியிருந்த பசை வெளிர்நீலமாக இருந்தது. "இது முன்னாடியே இப்படித்தானா?"

கப்பல்காரர் குனிந்து பார்த்தார். "இல்லை. வெள்ளையாத்தான் இருந்துச்சு."

"அப்ப மருந்து தொட்டிக்குள்ளதான் விழுந்திருக்கு. நிறம் எந்த வழியாப் போச்சுன்னுதான் பார்க்கணும். ஃபில்டர் பைக்குள்ள என்ன இருக்கு?"

"கரி. தண்ணியைச் சுத்தமாக்க."

காலி பாட்டிலில் தண்ணீர் விட்டுக் குலுக்கி ஒரு டம்ளரில் ஊற்றச் சொன்னார். நீலம். அலமாரியில் மிச்சமிருந்த புதுக் கரியில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கினார்.

"குடிச்சிடுமோ, பஞ்சு மாதிரி?" என்றார் அவசரம்.

"பஞ்சு தண்ணியைக் குடிக்கும். இது வேற. ஒவ்வொரு துணுக்குக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாத பொந்துங்க எக்கச்சக்கம். தண்ணி உள்ளே போய்ட்டு வெளியே வந்துடும். அதுல கரைஞ்சிருக்கிறது பொந்துச் சுவர்ல ஒட்டிக்கும். எது அழுக்கு, எது மருந்துன்னு கரிக்குத் தெரியாது."

அவர் கலக்குவதை நிறுத்தவில்லை. நீலம் வெளுத்தது. பிறகு, இருந்ததா என்றே சந்தேகப்படும்படி ஆயிற்று.

"அப்ப அவங்க ஊத்த ஊத்த..." என்றார் கப்பல்காரர்.

"நிறம் போறதைப் பார்த்துப் பயந்து, கூடக்கூட ஊத்தியிருக்காங்க. அதான் பாட்டில் காலி. மீனுக்குத்தான் எதுவும் மிஞ்சலை. மருந்து போடுறப்ப கரியை எடுத்துடணும்."

கரியை யார் மாட்டியது என்று அவர் சொல்லவில்லை. அவசரம் வாயைத் திறந்தார். அண்ணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"நீங்களே அந்த அம்மாகிட்ட சொல்லிடுங்களேன்," என்றார் கப்பல்காரர்.

"கண்டுபிடிக்கிறதோட என் வேலை முடிஞ்சுது. மிச்சம் உங்க வேலை."

அவர்கள் போனபின் கப்பல்காரர் மாடிப்படி ஏறினார். இத்தனை வருடத்தில் தையல்கார அம்மாள்தான் இறங்கி வந்திருக்கிறாள். அவர் ஒருமுறைகூட மேலே போனதில்லை. கதவைத் தட்டினார்.

"யாரு?"

"கீழ் வீடும்மா," என்றார். "மீனைக் கொன்னது நான்தான்."

உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.