எட்டாத மேல்தட்டு

வியாழன், மாலை நான்கு மணி. தீவின் பத்துபஸ்தி ஆஸ்பத்திரியில் வலி ஆய்வு நடக்கும் அறையின் பீரோவில் ஒரு மெஷினைக் காணோம். பிசியோதெரபிஸ்ட் பெனிட்டா திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எஸ்.ஐ. உமா மகேஸ்வரி வந்து சேர்வதற்குள் ஆய்வை நடத்தும் டாக்டர் சிவஞானம் தீர்ப்பே சொல்லி முடித்திருந்தார்.

“சாவி இவங்க பொறுப்பு, மேடம். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள மெஷின் வரலைன்னா இவங்களுக்கு இங்க வேலை கிடையாது. கேஸும் கொடுப்பேன். சனிக்கிழமை ஆய்வு முடியுது. எல்லா மெஷினும் மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறணும்.”

“அப்படி என்ன மெஷின்?”

“தோல்ல ஒட்டி வச்சா லேசா கரண்ட் பாய்ச்சி நரம்பைத் தூண்டும். கூடவே உடற்பயிற்சியும் செஞ்சா வலி குறையுதான்னு பார்க்கிறோம். பாதி மெஷின் டம்மி. லைட் மட்டும்தான் எரியும். எது நிஜம், எது டம்மின்னு எனக்கே தெரியாது. அந்த விவரம் மெயின்லேண்டுல இருக்கு. நோயாளிங்ககிட்டயும் இதையெல்லாம் சொல்லித்தான் சேர்த்தோம்.”

உமா பீரோவைப் பார்த்தாள். மெஷின்கள் இருந்தது மேல்தட்டில். அவளே குதிகாலைத் தூக்கிக் கையை நீட்டித்தான் தொட முடிந்தது. பக்கத்துப் பெட்டிகள் துளியும் நகரவில்லை. ஏறி நிற்பதற்கு அங்கே இருந்தது ஒரு சக்கர ஸ்டூல். அதில் ஏறினால் நேரே எலும்பு டாக்டரிடம்தான் போக வேண்டும்.

“மதியம் யார் யார் இருந்தாங்க?”

“ரெண்டு பேஷண்ட், மேடம்,” என்றாள் பெனிட்டா. “மரகதம் மாமியும், வண்டூர்ல மீன் பிடிக்கிற அடைக்கலசாமி மாமாவும். காணாமப் போன அதே மெஷினைத்தான் ரெண்டு பேருக்கும் மாத்தி மாத்தி வச்சுக்கிட்டிருந்தேன். டாக்டர் கூப்பிட்டாருன்னு ஓடினேன். சாவி பீரோவுலயே இருந்துடுச்சு. தப்புதான்.”

மரகதம் இன்னும் வாசல் பெஞ்சில் இருந்தாள். குள்ளமான உடம்பு, முழங்கால் வீங்கி நடக்கவே முடியாதவள்.

“நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேம்மா. அந்த மெஷினை எவன் திருடுவான்? ஒரு ஃபாயிதாவும் இல்ல, வலி அப்படியேதான் இருக்கு. ஒட்டி விடுறா, லைட்டு எரியுது, அவ்வளவுதான். பேகார்!”

“அடைக்கலசாமி எப்படி?” என்று டாக்டரிடம் கேட்டாள் உமா.

“பாவம், சர்க்கரை நோய். ரெண்டு தோளும் இறுகிப் போச்சு. கை நெஞ்சுக்கு மேல ஏறாது. நேத்துகூடத் தூக்கச் சொன்னேன், கத்திட்டார்.”

மாமிக்கு எட்டாது. மாமாவுக்குக் கை ஏறாது. மிஞ்சியது பெனிட்டா. கணக்கு சுலபமாகத்தான் இருந்தது. அந்தச் சுலபம் உமாவுக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளி, காலை. வண்டூர். அடைக்கலசாமி தன் வீட்டுக் குழாயடியில் குளித்துவிட்டு வெற்றுடம்போடு நின்றார். போலீஸ் ஜீப்பைக் கண்டதும், “ஒரு நிமிசம் மேடம்,” என்று உள்ளே போனவர், கழுத்தைப் பிடிக்கும் நீலக் கால்பந்து பனியனோடு அடுத்த நொடியே வெளியே வந்தார். மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. மகள் தூத்துக்குடியில். அவரே டீ போட்டார்.

“கையைத் தூக்குங்க பார்ப்போம்.”

நெஞ்சுவரை வந்ததும், “யம்மா!” என்று அலறினார். டீ கிளாஸைக்கூட வாய்க்குக் கொண்டுபோகாமல் தலையைக் குனிந்துதான் குடித்தார்.

“அந்தப் பிள்ள எடுத்திருக்காது மேடம்,” என்றார், கண்ணைப் பார்க்காமல்.

உமா நன்றி சொல்லிக் கிளம்பினாள். பாதி வழியில் தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டாள். “சே! காடி மோடோ!” என்றாள் டிரைவரிடம். ஜீப் வண்டூருக்கே திரும்பியது.

நண்பகலில் அடைக்கலசாமி ஆய்வு அறையில் நின்றார்.

“டாக்டர், நெஞ்சுக்கு மேல கை ஏறாத ஆளு, பட்டன் இல்லாத இறுக்கமான பனியனை எப்படிப் போடுவார்? கையை உயர்த்தி, தலை வழியாத்தான் மாட்டணும். வீட்டுல மாட்டிவிட யாரும் இல்ல. ஒரு நொடியில போட்டுட்டு வந்தார். நானும் பார்த்துட்டே டீ குடிச்சேன், மடச்சி! இவர் தோள் எப்பவோ சரியாயிடுச்சு. எடுத்தது இவர்தான்.”

அடைக்கலசாமி பையிலிருந்து மெஷினை எடுத்து மேஜையில் வைத்தார்.

“வலி விட்டுருச்சுன்னு சொன்னா மெஷின நிப்பாட்டிருவாகன்னு நடிச்சேன். இது கப்பல்ல போயிட்டா மறுபடி இறுகிருமே? வலை இழுக்க மாட்டாதவன எந்தப் போட்டுல ஏத்துவான்?”

“அதுக்கு என் பொழப்புல மண்ணள்ளிப் போடுவீங்களா மாமா? ராத்திரி பூரா அழுதேன்!”

டாக்டர் மெயின்லேண்டுக்குப் போன் செய்தார். போலீஸ் விவகாரம் என்றதும் விவரம் கிடைத்தது. பெனிட்டாவையும் உமாவையும் வெளியே அழைத்தார்.

“டம்மி. அவரைத் தேத்தினது உடற்பயிற்சிதான். ஆனா அவர் நம்பிக்கையெல்லாம் மெஷின் மேல. இன்னிக்கே சொல்ல வேண்டாம், பக்குவமாச் சொல்லிக்கலாம். கேஸும் வேண்டாம். பெனிட்டா, உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. நான் அவசரப்பட்டுட்டேன்.”

பெனிட்டாவுக்கு ஆத்திரம் ஆறவில்லை. விறுவிறுவென்று உள்ளே போனாள்.

“மாமா, நீங்க திருடினது வெறும் டப்பா. அதுல கரண்டே கிடையாது!”

“பொய் சொல்லாத பிள்ள. எனக்குச் சுருக் சுருக்குன்னு ஏறுச்சே!”

“ஏறல மாமா. நீங்களா நினைச்சுக்கிட்டது.”

அவர் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறப் போய்விட்டார். திருடன் கிடைத்துவிட்டான், வழக்கும் இல்லை. உமாவுக்கு அத்தோடு வேலை முடிந்தது.

சனி, காலை. போனில் பெனிட்டா.

“மேடம், அடைக்கலசாமி மாமா வந்திருக்கார். விடியக்காலைல போட்டுல ஏறியிருக்கார். வலையைத் தொட்டதும் தோள் பிடிச்சுக்கிச்சாம், இறக்கி விட்டுட்டாங்க. கை நெஞ்சுக்கு மேல வர மாட்டேங்குது.”

“மறுபடி நடிப்பா?”

“இல்ல மேடம். நானே பிடிச்சுத் தூக்கிப் பார்த்தேன். கண்ணுல தண்ணி கொட்டிடுச்சு.”

“அவருக்கா?”



“ரெண்டு பேருக்கும், மேடம்.”