கடைசிக் கம்பத்துக்கு அப்பால்

காலையில் தில்லைநாயகி ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில், வீட்டில் கட்டிலில் படுத்திருக்கும் அவள் கணவர் அருணகிரியின் தொடைகள் இறுகும். மகன் நவிலனுக்கு மூச்சு சீராகும். மாமியாருக்கு முட்டிவலி தணியும். மூவரும் தூக்கம் கலையாமல் திரும்பிப் படுப்பார்கள். செவ்வாய்க் குடியிருப்பில் பெரும்பாலான வீடுகளில் விடிவது இப்படித்தான்.

செவ்வாயில் ஈர்ப்பு குறைவு. ஓடாதவர் எலும்பு கரைந்துபோகும். எழுந்து நடக்க முடியாதவர்களுக்காகத்தான் பலன்கடத்தியைக் கண்டுபிடித்தார்கள். பிடரியில் ஒரு சில்லு, பாதை நெடுகக் கம்பங்கள். ஒருவர் ஓடினால் குடும்பத்தார் எலும்பில் பலன் சேரும். கண்டுபிடித்தவர்கள் நோயாளிகளை நினைத்தார்கள். குடும்பங்கள் மருமகள்களை நினைத்தன. பங்கு பிரிக்க ஒரு வரிசையும் வைத்தார்கள். முதலில் கணவர், பிறகு பிள்ளை, பிறகு பெரியவர்கள், மிச்சமிருந்தால் ஓடியவளுக்கு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவளை யார்தான் பார்த்ததில்லை?

அவளுடைய நாற்பத்தேழாம் வயதில் டாக்டரம்மா எலும்புப் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

“தெனம் ஓடுறேங்கிறீங்க. எலும்பு அப்பளம் மாதிரி இருக்கே. இப்படியே போனா ரெண்டு வருஷத்துல படுத்துடுவீங்க.”

வீட்டில் வந்து சொன்னாள்.

“இன்னும் கொஞ்சம் சேத்து ஓடேன் நாயகி,” என்றார் அருணகிரி. அக்கறையாகத்தான் சொன்னார்.

மறுநாள் அந்த எரிச்சலில், பனிச்சுரங்கத்துக்குப் போகும், காற்று நிரப்பிய குழாய்ப்பாதையில் தன்னை மறந்து ஓடியவள் கடைசிக் கம்பத்தைத் தாண்டிவிட்டாள். தாண்டியதும் முழங்காலில் ஒரு சூடு. அது இடுப்புக்கு ஏறி முதுகில் பரவியது. ஓடுவதன் பலன் தன் உடம்பிலேயே தங்கினால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. நின்று அழுதாள். பிறகு இன்னும் கொஞ்ச தூரம் ஓடினாள்.

இந்த வயதில் அவளுக்கு ஓட்டப் பைத்தியம் பிடித்துவிட்டதாக ஊர் பேசியது. “அம்மா தூரம் போயிட்டா சிக்னல் வரமாட்டேங்குது,” என்று நவிலன் நிர்வாகத்தில் முறையிட, மேலும் கம்பங்கள் நட்டார்கள். கம்பம் தள்ளிப்போனால் அவளும் தள்ளிப்போக வேண்டுமே. ஒரே ஓட்டத்தில் எழுபது கிலோமீட்டர் போகிறவளாக அவள் ஆனது இப்படித்தான்.

எலும்பு தேறியது. “இதே மாதிரி ஒரு வருஷம் ஓடுங்க, பொழச்சுக்கலாம். விட்டீங்கன்னா பழையபடிதான்,” என்றார் டாக்டரம்மா. சுரங்கம்வரை நூறு கிலோமீட்டர் பந்தயம் வந்தது. முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள்.

பந்தயத்தன்று காலை அருணகிரி ஒரு சின்னப் பெட்டியை நீட்டினார். புதுத் தாலிச்சங்கிலி. பூமியிலிருந்து கிளம்பியபோது எடை அதிகமென்று அம்மி, ஆட்டுக்கல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த ஜனம், இதை மட்டும் விடவில்லை.

“அவ்ளோ தூரம் தனியா போற. எங்களுக்கு மனசு கேக்குமா? இதுக்குள்ள சின்னக் கடத்தி இருக்கு. கம்பமே வேண்டாம். நீ எங்க போனாலும் நாங்க உன்கூடவே இருப்போம்.”

அவரே கழுத்தில் போட்டுவிட்டார்.

“சந்தோஷத்துல பேச்சே வரல பாரு,” என்றார் மாமியார்.

கடைசிக் கம்பம் பின்னால் போய் வெகுநேரமாகியும் முழங்காலில் சூடு வரவில்லை. வீட்டில் அருணகிரி மாடிப்படிகளை இரண்டிரண்டாக ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தில்லைநாயகி நின்றாள். முன்னும் பின்னும் ஆள் இல்லை. பிடரிச் சில்லைத் தொட்டால்தான் குற்றம். தாலிக்குச் சட்டமும் இல்லை, பூட்டும் இல்லை. தலைவழியே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, திரும்பும்போது கழுத்தில் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? டாக்டரம்மா சொன்ன அப்பளம் ஞாபகத்துக்கு வந்தது. சட்டைக்குள்ளிருந்து சங்கிலியை வெளியே எடுத்தாள்.

கை மேலே போனது. கண் வரைக்கும் போனது. தாலியை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள். பத்திரமாகச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு மறுபடி ஓடத் தொடங்கினாள்.